விடியலுக்கு முன் ஏற்றும் விளக்கு



டொராண்டோவில் என் மகன் வீட்டில் நான் தங்கியிருந்த நாட்களில் பழக்கமான சங்க நண்பர்கள் சிலர், "குளிர்காலம் வந்தால் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, மனமும் கூடவே இருண்டுவிடுகிறது. நம் மரபில் இதற்கு ஏதேனும் வழி சொல்லியிருக்கிறதா? பிள்ளைகளும் படிக்கும்படி எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டார்கள். நான் தமிழ்ப் புலவனும் அல்ல, ஆன்மிகப் பேச்சாளனும் அல்ல. இன்ஜினியரிங் டிப்ளமோ முடித்து 1982-ல் ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்றவன். விளக்கு எரிகிறதா இல்லையா என்று பார்ப்பதே எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. அந்த அனுபவத்தையும், நம் முன்னோர் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களுக்கு வகுத்து வைத்த முறையையும் சேர்த்து, எனக்குப் புரிந்த அளவில் ஒரு பாடமாக எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் ஊர்

எனக்குச் சொந்த ஊர் தடா. சென்னையிலிருந்து கூடூர் போகும் ரயில் பாதையில், தமிழ்நாட்டின் கடைசி நிலையமான ஆரம்பாக்கத்தைத் தாண்டியதும் ஆந்திராவில் முதலில் வரும் நிலையம். 2022 ஏப்ரல் வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று இரண்டும் கலந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி. மழை முடிந்து பனி தொடங்கும்போது அந்த ஏரியில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வடக்கே குளிர் கடுமையாகும்போது பல வகைப் பறவைகள் எங்கள் பக்கம் வந்துவிடும். எங்களுக்குக் குளிர்காலம் என்பது அவற்றுக்கு வாழ்வு தரும் காலம்.

மார்கழி மாதம் எங்கள் தெருவில் இரண்டு மொழியிலும் விடியும். தமிழ் வீட்டு வாசலில் கோலம், நடுவே சாணி உருண்டையில் பூசணிப்பூ. தெலுங்கு வீட்டு வாசலில் முக்கு, நடுவே கொப்பெம்மா என்று சொல்லும் அதே சாணி உருண்டை, அதே பூசணிப்பூ. ஒரு பக்கம் திருப்பாவை பாடிக்கொண்டு பஜனைக் குழு வரும். மறுபக்கம் தலையில் செம்பு வைத்துக்கொண்டு ஹரிதாசர் பாடி வருவார். டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவ அன்பர்கள் வீட்டு முகப்பில் காகித நட்சத்திர விளக்கு தொங்கும். சிறு வயதில் இவற்றை வேடிக்கை என்று நினைத்தேன். இத்தனை பேரும் ஏன் இருட்டில் எழுந்து விளக்கேற்றுகிறார்கள் என்று யோசித்ததில்லை. அதை யோசிக்கும் நிலை எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் வந்தது.

என் இருட்டு

2021 ஐப்பசியில் என் மனைவி காலமானார். முப்பத்தைந்து ஆண்டுகள் மார்கழி தோறும் நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டவர் அவர். குவார்ட்டர்ஸ் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறியதில்லை. நான் நைட் டியூட்டி முடித்து வரும்போது வாசலில் அகல் எரிந்துகொண்டிருக்கும். அவர் போன பிறகு தடா வீட்டில் நான் விளக்கேற்றவில்லை. ஓராண்டு துக்கம் கழிந்த பின்னும் ஏற்ற மனம் வரவில்லை.

"தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் அப்பா" என்று மகன் 2022 நவம்பரில் டொராண்டோவுக்கு அழைத்துக்கொண்டார். அங்கே போனதும் நிலைமை இன்னும் மோசமாயிற்று. காலை ஏழரைக்கும் இருட்டு, மாலை ஐந்துக்கு முன்பே மறுபடி இருட்டு. நான் படுக்கையை விட்டு எழுவதே பத்து மணிக்கு. ஜன்னல் திரையை விலக்கக்கூட மாட்டேன். இரவில் தூக்கம் வராது; நாலு மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "இனி விடிந்து என்ன ஆகப் போகிறது" என்ற ஒரே எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை. நம் வயதில் இருப்பவர்கள் பலர் சொல்வதில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

மகன் என்னைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனார். குளிர்காலத்தில் வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வு ஒரு நோய் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். 1984-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்குப் பெயரிட்டு விளக்கினார்கள். காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் அளவுள்ள விளக்கின் முன் உட்காருவது இதற்கு ஒரு சிகிச்சை. நம் வீட்டு அறை விளக்கு சில நூறு லக்ஸைத் தாண்டாது. மேகமூட்டமான பகலில்கூட வெளியே அதைப்போல் பல மடங்கு வெளிச்சம் இருக்கும். ஆகவே பகலில் சிறிது நேரமாவது வெளியே நடக்கச் சொன்னார் மருத்துவர். துக்கமும் நோயும் சேர்ந்திருந்தால் மருத்துவரைப் பார்ப்பது பக்திக் குறைவு ஆகாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பேத்தியின் அட்டவணை

அந்த டிசம்பரில் ஒன்பது வயதுப் பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். தினமும் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் எழுதிவர வேண்டும். "தாத்தா, நீங்கள்தானே இன்ஜினியர், கட்டம் போட்டுக் கொடுங்கள்" என்றாள். கட்டம் போட்டுக் கொடுத்ததோடு நானும் பார்க்கத் தொடங்கினேன். இரண்டு வாரத்தில் ஒன்று கண்ணில் பட்டது.

டிசம்பர் 21 அல்லது 22-தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல் என்பது நாம் அறிந்ததே. டொராண்டோவில் அன்று பகல் சுமார் 8 மணி 55 நிமிடம்தான். தடாவில் அதே நாளில் சுமார் 11 மணி 20 நிமிடம். லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் மாலைப் பொழுது டிசம்பர் 21 வரை குறைந்துகொண்டே போவதில்லை! டொராண்டோவில் டிசம்பர் இரண்டாம் வாரத்திலேயே சூரியன் மறையும் நேரம் நின்று, பிறகு நாளுக்குச் சில விநாடிகளாகத் தள்ளிப்போகத் தொடங்கிவிடுகிறது. டிசம்பர் 10-க்கும் 21-க்கும் இடையில் சுமார் மூன்று நிமிடம் மாலை நீண்டிருந்தது. காலை இருட்டு மட்டும் ஜனவரி முதல் வாரம் வரை கூடிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். சூரியன் உச்சிக்கு வரும் நேரமும் கடிகாரத்தின் பன்னிரண்டு மணியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், அது சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும், டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுது தினமும் சுமார் அரை நிமிடம் பின்னுக்குப் போகிறது. அதனால் மாலை முதலில் மீள்கிறது, காலை பிறகு மீள்கிறது. தடா, சென்னைப் பக்கம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அங்கே நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே மாலை நீளத் தொடங்கிவிடும். சூரியன் மிகத் தாமதமாக உதிப்பதோ ஜனவரி பிற்பகுதியில்.

இருட்டு கூடிக்கொண்டே போகிறது என்று நாம் வருந்திக்கொண்டிருக்கும் நாட்களிலேயே ஒரு பக்கத்தில் வெளிச்சம் திரும்பத் தொடங்கிவிடுகிறது. மூன்று நிமிடம்தான், கண்ணுக்குத் தெரியாது. எழுதிவைத்துப் பார்த்தால்தான் தெரியும். சிக்னல்காரனுக்கு இது போதும். நெடுநாளைக்குப் பிறகு அன்று எனக்கு அடுத்த நாள் என்ன நேரம் வரும் என்று பார்க்க ஆசை வந்தது.

கார்த்திகை: ஏற்றுவது

இனி நம் மூன்று மாதங்களைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை ஓயாத, வானம் மூடிக்கிடக்கும் காலத்தில் வருவது திருக்கார்த்திகை. சிக்னல் இன்ஸ்பெக்டராக நான் சில காலம் விழுப்புரம் – காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில் வேலை பார்த்தேன். அந்தப் பாதையில்தான் திருவண்ணாமலை இருக்கிறது. தீபத்தன்று விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் நெய்யும் திரியும் இட்டு மகாதீபம். பதினொரு நாள் எரியும். தண்டவாளத்தின் மேல் நின்று, பல மைல் தள்ளியிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடாத கேங்மேன்கூட அந்த நேரத்தில் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்.

2024-ல் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் டிசம்பர் 1 அன்று அந்த மலைச்சரிவு இடிந்து அடிவாரத்து வீட்டின் மேல் விழுந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டனர். பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 13-ல் தீபத் திருநாள். மலை உறுதியாக இல்லை என்று பொதுமக்களை மேலே ஏறவிடவில்லை. ஆனாலும் உச்சியில் தீபம் ஏற்றப்பட்டது. துக்கம் இல்லாததால் ஏற்றவில்லை. துக்கம் இருந்தும் ஏற்றினார்கள். அந்த ஊரார் அன்று கீழே நின்று பார்த்த தீபத்தைப் பற்றி நினைக்கும்போது, ஓராண்டு கழிந்தும் அகல் ஏற்றாமல் இருந்த என் வீட்டு வாசல் என் கண் முன் வந்தது.

முதல் பாடம் இது: மனம் தெளிந்த பிறகு விளக்கேற்றலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாள் வந்தால் ஏற்ற வேண்டியதுதான்.

கைகாட்டி விளக்கு

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்று எல்லாம் மின்சார சிக்னல். நான் வேலையில் சேர்ந்தபோது கிளைப்பாதைகளில் கைகாட்டி மரங்களில் மண்ணெண்ணெய் விளக்குதான். அதற்கென்றே லாம்ப்மேன் என்று ஒருவர் இருப்பார். கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, ஏணியில் ஏறி விளக்கை வைத்துவிட்டு வருவார். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சளாக இருப்பதால், பச்சை தெரிய வேண்டிய கண்ணாடியைச் சற்று நீலமாகச் செய்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் பச்சை. இதை முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பள்ளிக்கூடமே போகாத ஒரு முதிய லாம்ப்மேன்.

அந்த விளக்கின் பின்புறம் சிறிய துளை ஒன்று இருக்கும். ஓட்டுநருக்குத் தெரிவது சிவப்பு அல்லது பச்சை. நிலையத்தில் இருப்பவருக்கு அந்தத் துளை வழியே சின்ன வெள்ளை ஒளி தெரியும். அது தெரிந்தால், தூரத்தில் விளக்கு அணையாமல் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். விளக்கு வழிப்போக்கருக்கு உதவும்போதே, அதை ஏற்றி வைத்தவருக்கும் ஒரு சிறு ஒளியைக் காட்டும் ஏற்பாடு அது.

இன்னொரு விதி உண்டு. விளக்கு அணைந்துபோய் ஒன்றும் தெரியாவிட்டால், "விளக்கு இல்லை, போகலாம்" என்று ஓட்டுநர் எண்ணக்கூடாது. அதைச் சிவப்பாகவே கொண்டு நிறுத்த வேண்டும். ஒரு மார்கழி இரவு, சிறு நிலையம் ஒன்றில் காற்றடித்து வெளிச் சிக்னல் விளக்கு அணைந்துவிட்டது. பாசஞ்சர் வண்டி இருட்டில் நின்றது. அந்த முதியவர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கையில் லாந்தருடன் மழையில் நடந்து போய் ஏற்றிவிட்டு வந்தார். வண்டியில் இருந்த நூற்றுக்கணக்கான பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. "கஷ்டமாக இல்லையா ஐயா?" என்று கேட்டேன். "அது எரிஞ்சாத்தானே சார் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். இந்தப் பதிலின் பொருள் எனக்கு டொராண்டோவில்தான் விளங்கிற்று.

மார்கழி: எழுவதும் எழுப்புவதும்

மனிதருக்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள் என்பது நம் பழைய கணக்கு. தை முதல் ஆனி வரை பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. பன்னிரண்டு மாதத்தை இருபத்துநான்கு மணியாக்கினால் மாதத்துக்கு இரண்டு மணி. தை பிறக்கும்போது காலை ஆறு என்றால், மார்கழி என்பது நாலு முதல் ஆறு மணி வரை. ஆக மார்கழி நள்ளிரவு அன்று. விடியலுக்கு முந்தின இருட்டு. "பீடை மாதம்" என்று சிலர் ஒதுக்குவது சரியன்று. பெருமை மிக்க மாதம் என்றே பெரியோர் கொண்டார்கள்.

இந்த மாதத்துக்கென்றே ஆண்டாள் நாச்சியார் திருப்பாவை முப்பது பாசுரங்களையும், மாணிக்கவாசகர் திருவெம்பாவை இருபது பாடல்களையும் அருளினார்கள். எங்கள் பக்கத்துத் திருமலையில் ஆண்டு முழுவதும் விடியற்காலை ஒலிக்கும் சுப்ரபாதத்தை நிறுத்திவிட்டு, இந்த ஒரு மாதம் மட்டும் திருப்பாவையைச் சேவிக்கிறார்கள். தெலுங்கு நாட்டு மலையில் தமிழ் மொழியால் பெருமாள் கண் விழிக்கிறார் என்பது எல்லையோரத்துக்காரனான எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

திருப்பாவையின் அமைப்பைக் கவனியுங்கள். முதல் ஐந்து பாசுரங்கள் முன்னுரை. ஆறு முதல் பதினைந்து வரை பத்துப் பாசுரங்களும் உறங்கும் தோழியரை வீடு வீடாகப் போய் எழுப்புபவை. திருவெம்பாவையிலும் தொடக்கப் பாடல்கள் எழுப்புகிற பாடல்களே. முதலில் விழித்தவள் தனியாகக் கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். வராதவளைக் கேலி செய்கிறாள், கெஞ்சுகிறாள், விட்டுவிட்டுப் போவதில்லை. எழுப்ப வெளிச்சம் வேண்டியதில்லை, குரல் போதும்.

ரயில்வேயிலும் இது உண்டு. தை மாத மூடுபனியில் விளக்கே கண்ணுக்குத் தெரியாத நேரத்தில், சிக்னலுக்கு 270 மீட்டர் முன்னால் தண்டவாளத்தின் மேல் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு வெடிகளைப் பொருத்தி வைப்போம். வண்டிச் சக்கரம் ஏறியதும் வெடிக்கும். சிக்னல் நெருங்குகிறது என்று ஓட்டுநர் காதால் அறிவார். கண் தோற்ற இடத்தில் காது வழிகாட்டுகிறது. மார்கழி பஜனையின் பயனும் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய கணக்குப்படி மார்கழி டிசம்பர் 16-ல் பிறப்பதால், மிகக் குறுகிய பகல் மார்கழி ஆறு அல்லது ஏழாம் நாள் வருகிறது. எழுப்பும் பாசுரங்கள் தொடங்குவதும் ஆறாம் நாள்! ஆனால் இது தற்செயலே. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்டது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகிறது. ஏறத்தாழ கி.பி. 285-ல் குறுகிய பகலும் தைப் பிறப்பும் ஒரே நாளில் இருந்தன. இன்று 24 நாள் இடைவெளி. எனவே வானக் கணக்கில் சூரியன் வடக்கே திரும்பும்போது நாம் இன்னும் மார்கழிக்குள்தான் இருக்கிறோம். இருட்டு மாதம் என்று நாம் சொல்லும் மாதத்தின் பெரும்பகுதியில் பகல் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

வாசல் விளக்கு

என் மருமகள் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறார். குளிர்காலத்திலும் ஐந்து மணிக்கு எழுந்து, தானே காப்பி போட்டுக் குடித்து, இருட்டில் பனியைத் துடைத்துவிட்டு ஆறு மணிக்குக் காரை எடுப்பார். மாடியில் நான் விழித்துக்கொண்டு படுத்திருப்பேன். காலடிச் சத்தம் கேட்கும், கதவு சாத்தும் சத்தம் கேட்கும். ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, மார்கழி பிறந்த அன்றுதான் உறைத்தது. விழித்திருப்பவன் நான், இருட்டில் தனியாக எழுந்து போகிறவள் அந்தப் பெண்.

மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்தேன். முகம் கழுவி, சுவாமி அலமாரியில் என் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் அகலை ஏற்றினேன். கை நடுங்கியது. காப்பி கலந்து வைத்தேன். வாசல் விளக்கைப் போட்டேன். மருமகள் கீழே வந்து பார்த்துத் திகைத்து, "என்ன மாமா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லையம்மா, மார்கழி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்தார். போகும்போது, "அத்தை இருந்தால் திட்டியிருப்பார், டிகாக்‌ஷன் தண்ணீர்" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் பெயரைச் சொல்லி அந்த வீட்டில் யாரேனும் சிரித்து ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.

அதன் பிறகு முப்பது நாளும் எழுந்தேன். பேத்தி பள்ளி இல்லாத நாட்களில் தானும் எழுந்து ஒரு பாசுரம் சொல்லுவாள். உச்சரிப்பு தடுமாறும், இருக்கட்டும். வாசலில் பனி கிடப்பதால் கோலத்தைச் சமையலறை மேசையில் ஒரு தட்டில் போட்டோம். பூசணிப்பூ கிடைக்கவில்லை. துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விளக்கு எரிந்தால்தான் தூக்கம் வரும் என்று அந்த லாம்ப்மேன் சொன்னது என்ன என்று தெரிந்தது. நான் அவளுக்காகப் போட்ட வாசல் விளக்கின் பின்பக்கத் துளை எனக்கும் கொஞ்சம் தெரிந்தது.

தை: திரை விலகுவது

மூன்றாவது படி தை. பொங்கலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று வடலூரில் நடப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். வள்ளலார் இராமலிங்க அடிகள் 1872-ல் அங்கே சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே உருவம் இல்லை, ஒளியே வழிபாடு. அதற்கு முன்னால் ஏழு நிறத் திரைகள். தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் விலக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். ஒளியைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. உள்ளே இருந்ததைத்தான் காட்டுகிறார்கள்.

சபைக்கும் முன்னதாக, 1867-ல், அவர் தரும சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் பசித்தவருக்குச் சோறு சமைத்துக்கொண்டிருக்கிறது. முதலில் அடுப்பு, பிறகு ஜோதி என்ற வரிசையை நான் பெரிதாக எண்ணுகிறேன். ஆன்மிக ஒளியைத் தேடுகிறவர் முதலில் பக்கத்து வீட்டில் சாப்பிட்டார்களா என்று பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பிற நாட்டில் நாம்

புலம்பெயர்ந்த இடத்தில் இவையெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்து அரசவையில் பிராமணர்கள் மார்கழி – தையையொட்டி நடத்திவரும் சடங்குக்குத் திரியம்பாவாய் என்று பெயர். திருவெம்பாவை என்ற சொல்லின் திரிபு அது. பாங்காக்கில் அதையொட்டி நடந்த பெரிய ஊஞ்சல் விழா 1935-க்குப் பின் நின்றுவிட்டாலும், தேவஸ்தானக் கோயிலில் சடங்கு தொடர்கிறது. கடல் கடந்து போன நம் முன்னோர் கொண்டுசென்ற மார்கழி, மொழி மறந்த பின்னும் பெயரில் நிற்கிறது.

நாம் குடியேறிய நாட்டாரும் இருட்டுக் காலத்தில் சும்மா இருப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளில் வாரத்துக்கு ஒரு மெழுகுவத்தி கூட்டி ஏற்றுகிறார்கள். யூதர்கள் ஹனுக்கா நாட்களில் எட்டு இரவுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டுகிறார்கள். சுவீடனில் டிசம்பர் 13 அன்று புனித லூசியா விழாவில் பெண்கள் விளக்குடன் பாடி வருகிறார்கள். பக்கத்து வீட்டாரின் விளக்கைப் பார்த்து, நம் விளக்கையும் அவர்களுக்குக் காட்டலாம். வேற்றுமை குறையும்.

வீட்டில் செய்து பார்க்க

1. டிசம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை உங்கள் ஊரில் சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். மாலை என்று திரும்புகிறது, காலை என்று திரும்புகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

2. மாலையில் ஒரு விளக்கு, வீட்டில் ஒருவர் பொறுப்பில். பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். "நீங்கள் சும்மா உட்காருங்கள்" என்று சொல்லி அவர்களுக்கு வேலையே இல்லாமல் செய்துவிடாதீர்கள்.

3. மார்கழியில் வாரத்தில் ஒரு நாளாவது இன்னொரு குடும்பத்தைத் தொலைபேசியில் எழுப்புங்கள். தனியாக இருக்கும் மாணவர், புதிதாக வந்தவர், துணையை இழந்தவர் யார் என்று பட்டியல் எழுதுங்கள்.

4. தையில் ஒரு நாள் அவர்களை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்.

5. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மையும் சோர்வும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லத் தயங்குபவரை நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகள் சிந்திக்க: முதலில் விழித்தவள் ஏன் தனியாகப் போகவில்லை? விளக்கு அணைந்திருந்தால் ஓட்டுநர் ஏன் நிற்கிறார்? உங்கள் வீட்டில் எல்லாருக்கும் முன்னால் எழுபவர் யார், அவருக்கு யார் விளக்குப் போடுகிறார்கள்?

இப்போது மீண்டும் தடாவில் இருக்கிறேன். மார்கழியில் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்திருக்கிறேன். கோலம் போட எனக்குக் கை வராது. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் தம் முக்குவைப் போட்டுவிட்டு எங்கள் வாசலிலும் நாலு புள்ளி வைத்துப் போவார். நான் அகலை ஏற்றிவிட்டு டொராண்டோவுக்குப் போன் செய்கிறேன். அங்கே அப்போது முந்தின நாள் மாலை, இருட்டியிருக்கும். "இன்றைக்குச் சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது?" என்று கேட்பேன். பேத்தி அட்டவணையைப் பார்த்துச் சொல்லுவாள்.

அனைவருக்கும் கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல் நல்வாழ்த்துகள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், தடா